1893 சிகாகோ பதக்கம்: பெயரைப் பார்த்து வாங்குங்கள்

[திரையில்: பதக்கத்தின் முன்பக்கம்]

உள்ளங்கையை நிறைக்கும் வெண்கல வட்டம், குறுக்களவு சுமார் 76 மில்லிமீட்டர். கொலம்பஸ் கரையிறங்குகிறார். செதுக்கியவர் அகஸ்டஸ் செயின்ட் கோடென்ஸ். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றவர்களுக்கான பதக்கம் இது.

[திரையில்: பின்பக்கம்]

திருப்பினால் வேறொருவர் கைவேலை. செயின்ட் கோடென்ஸ் பின்பக்கத்துக்கு ஆடையில்லாத ஓர் இளைஞனை வடித்துக் கொடுத்தார். அமெரிக்க செனட்டர்கள் முகம் சுளித்தார்கள். மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. கடைசியில் அமெரிக்க அரசு நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் செய்த வடிவம் ஒட்டிக்கொண்டது. செயின்ட் கோடென்ஸுக்குக் கடுங்கோபம், நியாயம்தான். முன்பக்கத்தில் ஆள் நடந்து வருவது தெரிகிறது, பின்பக்கம் அரசாங்கச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது! இந்த இழுபறியில் பதக்கங்கள் கைக்கு வந்தபோது 1896 ஆகிவிட்டது.

[திரையில்: பெயர் உள்ள கட்டம், நெருக்கத்தில்]

ஆனாலும் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். பரிசு பெற்றவரின் பெயர் அங்கே புடைப்பெழுத்தில் இருக்கும். பிறகு கீறிச் சேர்த்ததல்ல. ஒவ்வொரு பெயருக்கும் சின்ன அச்சுத் துண்டு செய்து, பெரிய அச்சில் செருகி அடித்தார்கள். கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் ஸ்கோவில் நிறுவனம் 23,000-க்கும் மேல் அடித்தது. விலையை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் அந்தப் பெயர்தான்.

இன்னொன்று, இதில் தங்கம், வெள்ளி என்ற படிநிலை கிடையாது. எல்லாருக்கும் ஒரே வெண்கலம். அப்படியிருந்தும் பாப்ஸ்ட் என்ற அமெரிக்க பீர் நிறுவனம் தன் லேபிளில் 1893-இல் அமெரிக்காவிலேயே சிறந்ததாகத் தேர்வானதாகப் பெருமையடித்தது, அது தனிக்கதை.

[திரையில்: அசலும் நகலும்]

சரி, வாங்கும்போது? வார்ப்பு நகலில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் நுண்குழிகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் கொஞ்சம் குறையும். வெர்னியர் அளவுகோலை வைத்துக் குறுக்களவைப் பாருங்கள். பாலிஷ் மட்டும் போடவே போடாதீர்கள். நூறாண்டுப் பழுப்பு நிறம் போனால் விலையும் போச்சு.

அப்புறம், இதற்கென்று வந்த அலுமினியப் பெட்டி. அதுவும் சேர்ந்து கிடைத்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். பெட்டியும் இல்லை, பெயரும் ஈர்க்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இத்தனை ஆயிரம் அடித்திருக்கிறார்களே, அடுத்தது வரும்.