புதுப் பார்ட்ஸ் போட்டும் பேசாத செட்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறேன். பாட்டுச் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் செட்டை அசெம்பிள் செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும் நாற்பது வருடமாக என் பிழைப்பு.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் சாரல் அடிக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம், செட்டுக்கு ஆகாது. வால்யூம் கன்ட்ரோல் கரகரக்கும், ஒயர் செருகும் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். உடனே வீட்டில் செட் கட்டிய பிள்ளைகள் மூடியைக் கழற்றி நாலு பார்ட்ஸை மாற்றிவிடுவார்கள். அதுவரை கரகரவென்றாவது பாடிய செட், அதற்குப் பிறகு வாயே திறக்காது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கேரளத்துப் புனலூர்க்காரர். 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரோடு இருந்தது அல்லவா, அந்தப் பழக்கத்தில் மலையைத் தாண்டிப் போய்த் தொழில் கற்பது எங்களுக்குச் சாதாரணம். மலையாளம் கலந்த தமிழில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “நீ கை வச்ச இடத்தை ஆத்யம் நோக்குடா.” ஆத்யம் என்றால் முதலில். நேற்று வரை பாடிய செட், நீங்கள் கை வைத்த பிறகு பாடவில்லை என்றால், நீங்கள் கை வைத்த இடத்தில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இதை இன்று இரண்டு மூன்று தடவை சொல்லுவேன்.

போன வருடம் புளியரையிலிருந்து ஐ.டி.ஐ. படிக்கிற பையன் ஒருவன் செட்டைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தான். “அண்ணாச்சி, எல்லாம் புதுசு போட்டாச்சு. மூச்சே விட மாட்டேங்குது. கோயில் கொடைக்கு முன்னால பேச வைக்கணும்.” 24 வோல்ட் சப்ளை, கடைசியில் இரண்டு பெரிய 2என்3055 டிரான்சிஸ்டர், முன்னால் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று. வேலை சுத்தமாக இருந்தது. மூன்று கண்டென்சரும் அந்தச் சின்ன டிரான்சிஸ்டரும் மாற்றியிருந்தான். பேசவில்லை என்றதும் அதே நாலையும் இன்னொரு தடவை மாற்றியிருக்கிறான். கையில் இருந்த காசு அதிலேயே போய்விட்டது.

நான் சாலிடரிங் அயனைச் சூடு பண்ணவே இல்லை. முதலில் ஸ்பீக்கர். ஒயரை செட்டிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை லேசாகத் தொட்டு எடுத்தேன். டக் என்றது. அப்படியானால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. அடுத்து மீட்டர். இதுபோல் ஒரே சப்ளையில் ஓடும் செட்டில், ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய கண்டென்சருக்கு முன்னால், சப்ளையில் சரிபாதி நிற்கவேண்டும். 24 என்றால் 12. அங்கே 12 நின்றது. பெரிய டிரான்சிஸ்டர் இரண்டையும் சந்தேகப்பட வேண்டாம் என்று பையனிடம் சொன்னேன். அவன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அப்புறம் விரல். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலைத் தொட்டேன், ஸ்பீக்கர் உம்ம்ம் என்றது. நம் வீட்டுக் கரண்டின் 50 சைக்கிள்தான் உடம்பு வழியாக ஏறி அந்தச் சத்தமாகக் கேட்கிறது. ஆனால் இன்புட் பின்னைத் தொட்டால் ஒன்றும் இல்லை. (டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட்டில் மட்டும், அதுவும் இன்புட் பக்கத்தில் மட்டும்தான் இப்படித் தொடலாம். கரண்ட் வரும் பக்கம் விரல் போகவே கூடாது.) பார்த்தீர்களா, ஸ்பீக்கரிலிருந்து வால்யூம் வரை சரி, அதற்கு முன்னால் இன்புட் பக்கம் சரியில்லை. இடையில் இருப்பது எது? அவன் கை வைத்த அதே சின்ன டிரான்சிஸ்டர்.

டிரான்சிஸ்டரின் மூன்று காலுக்கும் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று பேர். அது ஓடுகிறதென்றால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 0.6 வோல்ட் அளவில் காட்டவேண்டும். காட்டவில்லை. லென்ஸை எடுத்து அதன் தட்டையான முகத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில் சி1815 என்று இருந்தது. முன்பு இருந்தது பிசி547. கடையில் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு இரண்டும் ஆகும், அது உண்மை. ஆனால் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால், 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். மூன்று காலில் ஒன்றுகூட அதன் துளையில் இல்லை! இரண்டாவது தடவை வாங்கியதும் அதே 1815, அதே கடை. பையனை அனுப்பி 547 ஒன்று வாங்கிவரச் சொல்லி, அவன் கையாலேயே வைக்கச் சொன்னேன். செட் பாடியது. “அண்ணாச்சி, கால் மாறியிருக்கும்னு நினைக்கவே இல்லை” என்றான். யாரும் நினைப்பதில்லை. புதுசு என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று மனசு நம்பிவிடுகிறது.

அதனால்தான் மறுபடி சொல்கிறேன், கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள். கண்டென்சரில் கோடு போட்ட பக்கம் மைனஸ், அது மாறியிருக்கலாம். ரெசிஸ்டரில் வளையம் பிரவுன், கறுப்பு, சிவப்பு என்றால் 1 கே, அதாவது ஆயிரம் ஓம். சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு வந்தால் 10 கே. ராத்திரி மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பகலில் பாருங்கள், இல்லையென்றால் மீட்டர் வைத்துப் பாருங்கள். சாலிடர் மங்கலாக, மணல் மாதிரி இருந்தால் அது ஒட்டவில்லை, திரும்பச் சூடு காட்டுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். 3055-க்கு அடியில் வைக்கும், கரண்டைக் கடத்தாத மைக்கா தகட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அந்த டிரான்சிஸ்டரின் உடம்பே கலெக்டர்தான், மைக்கா இல்லாமல் செட்டின் உலோகப் பாடியில் முடுக்கிவிடாதீர்கள். செட்டை அணைத்த பிறகும் பெரிய கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ரிப்பேர் முடித்து முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி போடுங்கள். ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்லது, பளிச்சென்று நின்றால் ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். வணக்கம்.