ஞாயிறு மட்டும் லீவு: தோட்டத்துல புதைச்ச தாத்தாவோட கல்லறையை எப்படித் தேடுறது?

அடுத்த கேள்வி மலேசியாவுல ஈப்போ பக்கத்துலேர்ந்து ஒரு நேயர் அனுப்பியிருக்காங்க. "எங்க கொள்ளுத் தாத்தா தமிழ்நாட்டுலேர்ந்து வந்து பேராக்குல ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு. 1950கள்ல தவறிட்டாரு, தோட்டத்துலேயே புதைச்சாங்கன்னு பாட்டி சொல்வாங்க. இப்ப அங்க பூரா செம்பனை, பாமாயில் மரந்தான். எனக்கு ஷிப்ட் வேலை, ஞாயிறு மட்டுந்தான் லீவு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

மொதல்ல, இந்த ஞாயிறே காரை எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குப் போயிடாதீங்க. முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பண்றாங்க. அன்னிக்கு ஆபீஸ் பூட்டியிருக்கும், ஜாகா (காவலாளி) உள்ள விடமாட்டாரு. விட்டாலும் ஆயிரம் ஏக்கர்ல எந்தப் பக்கம் நடப்பீங்க?

பாட்டிகிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. புதைச்சாங்களா, எரிச்சாங்களா? "அடக்கம் பண்ணாங்க"ன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க, எரிச்சதையும் சிலர் அப்படித்தான் சொல்வாங்க. எரிச்சு ஆத்துல கரைச்சிருந்தா தேடுறதுக்குக் கல்லறையே கிடையாது. அடுத்தது, உயிர் எங்க போச்சு? பெரியாஸ்பத்திரியில போயிருந்தா, தோட்டத்துக்குக் கொண்டு வராம அந்த டவுன் இடுகாட்டுலயே முடிச்சிருக்கலாம். இறப்புப் பத்திரத்துல இறந்த இடம் இருக்கும், புதைச்ச இடம் இருக்காது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் தப்பான இடத்துல அலையுறாங்க.

அந்தப் பத்திரம் கையில இல்லன்னா ஜேபிஎன்ல, அதாவது தேசியப் பதிவு இலாகாவுல, இறப்புப் பதிவோட நகல் கேக்கலாம். பேரோட ஸ்பெல்லிங்தான் தலைவலி. அந்தக் காலத்துக் கிராணி (குமாஸ்தா) காதுல விழுந்ததை எழுதியிருப்பாரு. கோவிந்தன் 'ஜி'லயும் வருவாரு, 'கே'லயும் வருவாரு. நாலஞ்சு விதமா எழுதி வச்சுக்கிட்டு, தாத்தாவோட அப்பா பேரையும் சேர்த்துக் கொடுங்க. வீட்டுல இருக்கிற பழைய சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) எல்லாத்தையும் பாருங்க. பிள்ளைங்க பிறந்தப்ப அப்பா எந்தத் தோட்டத்துல இருந்தாருன்னு அதுல சிக்கும். இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துலயும் ஷிப்ட் முடிஞ்ச பிறகும் பண்ற வேலை, லீவு எடுக்க வேண்டியதில்ல.

தோட்டத்துப் பேர்லயும் ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஆளுங்க கூப்பிட்ட பேர் ஒண்ணு, கம்பெனி பேர் ஒண்ணு. தோட்டம் கைமாறி பேரே போயிருந்தாலும் தமிழ்ப்பள்ளியோட பேர்ல 'லாடாங்'னு (மலாய்ல தோட்டம்) சேர்ந்து பழைய பேர் நிக்கும். ஆனா பள்ளிக்கூடம் இப்ப இருக்கிற இடத்தை நம்பாதீங்க, பல பள்ளிங்க டவுன் பக்கம் மாறிடுச்சு. பேரை மட்டும் எடுத்துக்குங்க.

1950கள்னு சொன்னதால இதையும் சொல்லணும். 1948லேர்ந்து 1960 வரைக்கும் இங்க அவசரகாலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோட சண்டை நடந்த நேரம். அப்ப பல தோட்டங்கள்ல சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளிங்களோட வரிசை வீடுகளை, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து முள்கம்பி வேலி போட்டாங்க. இடுகாடு பழைய லயத்துப் பக்கமே நின்னுடுச்சு. அதனால "லயத்துக்குப் பின்னாடி"ன்னு பாட்டி சொன்னா, எந்த லயம்னு கேளுங்க.

இதுக்கப்புறம் போன்லயே சேட்டலைட் படம் பாருங்க. செம்பனை முக்கோண வரிசையில, மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நட்டிருப்பாங்க. மேலேர்ந்து பாத்தா பாய் பின்னுன மாதிரி தெரியும். அந்தப் பின்னல் அறுந்து, ஒரு திட்டு மட்டும் காடா இருந்தா குறிச்சு வைங்க. ஆத்தோரம், சரிவு, எல்லைக்கோட்டுப் பக்கம், இங்கெல்லாம் கூடுதலா கவனிங்க. கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் இருந்தா பழைய வருஷத்துப் படமும் பாக்கலாம்.

ரெண்டு மூணு இடம் குறிச்சதும், வேலை நாள்ல தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணி, எந்த ஞாயிறு வரலாம்னு கேட்டு, வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கி வைங்க. ஜாகாகிட்ட அதைத்தான் காட்டணும். முடிஞ்சா தீபாவளிக்கு முந்தின ஞாயிறு போங்க. பல குடும்பங்கள் கல்லறை சுத்தம் பண்ண வர்ற நேரம். அங்க நிக்கிற ஒரு பெரியவரு, நீங்க மூணு மாசம் தேடுறதை மூணு நிமிஷத்துல கைகாட்டிடுவாரு.

முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டுக்குங்க. செம்பனையில எலி உண்டு, எலிக்குப் பின்னாடி நாகமும் உண்டு.

கல்லு கிடைச்சா பிளீச், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் வேணாம். ஈர சிமெண்டுல ஆணியால கீறுன எழுத்தா இருந்தா, தேய்ச்ச தேய்ப்புல போயிடும். தண்ணி, மெத்துன பிரஷ், அவ்வளவுதான். டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல தரையோட தரையா பிடிச்சா, கீறல்ல நிழல் விழுந்து எழுத்து எழும்பும். தேதி தமிழ் வருஷத்துல இருந்தா நிதானமா கணக்குப் போடுங்க. உதாரணமா 'விஜய வருஷம் தை'ன்னு இருந்தா, விஜய 1953 ஏப்ரல்ல பிறக்குது, அதோட தை மாசம் 1954 ஜனவரியில வரும். 1953ன்னு ஜேபிஎன்ல கேட்டா பதிவு கிடைக்காம போகலாம்.

கடைசியா, போன்ல லொக்கேஷனைப் பதிஞ்சு, போட்டோவோட தோட்டத்து மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகல்ல சாப் (முத்திரை) வாங்கிக்குங்க. செம்பனையை 25 வருஷம் வாக்குல அழிச்சு மறுநடவு பண்ணுவாங்க. புல்டோசர் ஓட்டுறவருக்கு அது வெறும் மண்மேடுதான், யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தா ஒழிய.