தண்ணீருக்கு ஏது கால்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஆச்சி 'பாளையங்கால்' என்றுதான் சொல்வார்கள். பலகையில் 'பாளையங்கால்வாய்' என்று இருக்கிறது. எது சரி? கால் என்பது உடம்பில் இருப்பதுதானே? தண்ணீருக்கு அது எப்படி வந்தது?"

அம்மா, இரண்டும் சரி. ஆனால் ஆச்சி சொல்வதுதான் எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. 'கால்' என்ற ஒரு சொல்லே நீர் ஓடும் வழியைக் குறிக்கும். அதனோடு 'வாய்' சேர்ந்து வாய்க்கால், கால்வாய் என்றெல்லாம் ஆனது. பல ஊர்களில் அந்தச் சேர்ந்த சொல் மட்டுமே இன்று வழக்கில் இருக்கிறது. தனித்த 'கால்' நம் பொருநைக் கரையில், அதாவது தாமிரபரணிக் கரையில், இன்னும் உயிரோடு இருக்கிறது.

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்கள் 11. பெயர்களைக் கேளுங்கள்: நதியுண்ணிக் கால், கன்னடியன் கால், கோடகன் கால். மருதூர் அணைக்கட்டில் மேலக்கால், கீழக்கால். திருவைகுண்டத்தில் வடகால், தென்கால். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, மேலப்பாளையம் வழியாக உங்கள் ஊருக்கு வருவதுதான் பாளையங்கால். பிசானம் என்ற நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவும் சமயத்தில் "காலில் தண்ணீர் விட்டாயிற்றா?" என்று ஒரு விவசாயி கேட்டால், இங்கே யாரும் குனிந்து தன் பாதத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காலில்தான் இன்று ஊருக்குள் சாக்கடையும் கலக்கிறது. அதைச் சாக்கடை என்றே அழைக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது. பெயரையாவது விட்டுவிடாதீர்கள்.

சரி, இந்தச் சொல்லுக்கு இன்னும் என்னென்ன பொருள்? பழைய பாடல்களில் காற்றுக்கும் கால் என்று பெயர். தேர்ச்சக்கரத்துக்கும் அதே பெயர்தான். 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்கிறது 496ஆம் குறள். வலிய சக்கரங்களை உடைய பெரிய தேர் கடலில் ஓடாது என்பது பொருள். காற்று, சக்கரம், நீர் எல்லாமே ஓடுபவை. ஒரு குடும்பத்தின் வாரிசுகளைக் 'கால்வழி' என்று சொல்கிறோமே, அதிலும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. இவை அத்தனையும் ஒரே வேரில் முளைத்தவை என்று நான் சாதிக்க வரவில்லை. அகராதிக்காரர்கள் சிலவற்றைத் தனித்தனிச் சொல்லாகவே பிரித்துக் காட்டுகிறார்கள். ஆனால் பேசுகிற நம் காதுக்கு எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகத்தான் கேட்கின்றன.

ஓடாமல் நிற்கும் கால்களும் உண்டு. கட்டிலுக்குக் கால், நாற்காலிக்கு நான்கு கால், நெல்லையப்பர் கோயிலில் ஆயிரங்கால் மண்டபம். இங்கே கால் என்றால் தூண், தாங்குவது. கல்யாண வீட்டில் பந்தக்கால். நம் பக்கத்தில் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, என்றால் முதலில் கால்நாட்டு. நட வேண்டிய கம்புக்கு மஞ்சள் பூசி, சந்தனம் குங்குமம் இட்டு, நுனியில் மாவிலைக் கொத்தைக் கட்டுவார்கள். குழியில் நவதானியத்தைப் போட்டு, பாலை ஊற்றி, நாலைந்து பேர் கைபிடித்து நிறுத்துவார்கள். கூடவே குலவைச் சத்தம். பந்தல் முழுவதையும் பிறகு பந்தல்காரர் போட்டுக்கொள்வார். ஆனால் அந்த ஒரு கம்பு நின்றுவிட்டால் கொடை தொடங்கிவிட்டது என்று ஊருக்கே தெரியும்.

முதல் வகுப்பில் 'க'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டால் 'கா' என்று சொல்லிக்கொடுத்தார்களே, அது துணைக்கால். 'ஆராயுங்கால்', 'எண்ணுங்கால்' என்று கட்டுரைகளில் வருகிறதே, அங்கே பொழுது. இலக்கணத்தில் ஏழாம் வேற்றுமை இடப்பொருள் உருபுகளின் வரிசையிலும் 'கால்' இருக்கிறது. படுத்திருப்பவரின் கால் பக்கத்தைக் 'கால்மாடு' என்கிறோம், அந்த 'மாடு' பக்கம் என்ற பொருளுடையது. தொழுவத்து மாடு அல்ல.

கடைசியாகக் கணக்குக்கு வருகிறேன், பலர் தடுமாறும் இடம் இதுதான். நான்கில் ஒரு பங்கு கால். நாலு கால் உள்ள விலங்கின் ஒரு கால் என்று இதை விளக்குபவர்கள் உண்டு. வடமொழியிலும் 'பாதம்' என்பதற்குக் காலடி, நான்கில் ஒரு பங்கு என இரண்டு பொருளும் இருப்பதால், அந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அரைக்கால் சட்டையில் வரும் அரைக்கால் வேறு. அது தொடையோடு நின்றுவிடும் சட்டை. வீட்டுப் பரணில் பழைய நிலப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'காலே அரைக்கால் பங்கு' என்று எழுதியிருந்தால் காலும் அரைக்காலும் சேர்த்து எட்டில் மூன்று பங்கு. அதைக் காலில் பாதி என்று படித்துவிட்டால் எட்டில் ஒன்றுதான் கைக்கு வரும். மீதி இரண்டு பங்கு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.