பின்னங்காலைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணி டிரெஸ்ஸாஜ் பிரிவில், அதாவது பழக்கிய குதிரையை ஓட்டி அதன் அசைவுகளைக் காட்டும் குதிரையேற்றப் போட்டியில், தங்கம் வென்றது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த சிலருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எல்லாக் குதிரைகளும் அழகாகத்தானே போகின்றன, பிறகு எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்?

ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. நம் கண் முதலில் முன்னங்கால்களுக்குத்தான் போகும். குதிரை அவற்றை உயரத் தூக்கி வீசினால் கூட்டம் கைதட்டும். நான் பார்ப்பது பின்னங்கால்களை. உந்துவிசை அங்கிருந்துதான் வருகிறது. டிராட் எனப்படும் மித ஓட்டத்தில் இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்தே எழ வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். முன்னங்கால் நீளும் அளவுக்குப் பின்னங்காலும் வயிற்றுக்கு அடியில் எட்டிப் போக வேண்டும். முன்னது பறந்து பின்னது தங்கிவிட்டால், பெரும்பாலும் அந்த முதுகு இறுகியிருக்கிறது.

அடுத்து தலை. காதுகளுக்குப் பின்னால் இருக்கும் உச்சிதான் கழுத்தின் மிக உயர்ந்த இடமாக இருக்க வேண்டும், மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும் என்கிறது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி. தாடையை நெஞ்சோடு ஒட்ட மடக்கினால் புகைப்படத்தில் கம்பீரமாகத் தெரியும். ஆனால் குதிரைக்கு அது வதை. பலவந்தமாகக் கழுத்தை அப்படி மடக்குவதை ஏற்க முடியாது என்று 2010-லேயே கூட்டமைப்பு அறிவித்துவிட்டது. அப்புறமும் மூக்கு உள்ளே மடங்கிய குதிரைகள் நல்ல மதிப்பெண் வாங்குவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை ஓயாமல் சுழற்றுவது, இவையும் குதிரை சொல்லும் புகார்கள்தான்.

நான் அதிகம் நம்புவது சாதாரண நடையை. ஓட்டத்தின் வேகத்தில் ஒளிந்துகொள்ளும் இறுக்கம் இங்கே ஒளிய முடியாது. கெட்டித் தரையில் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: டக், டக், டக், டக் என்று சம இடைவெளியில் நான்கு குளம்படி கேட்க வேண்டும். இறுகிய குதிரைக்கு ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நகரும், ஓசை இரண்டிரண்டாகச் சேர்ந்துவிடும். டிரெஸ்ஸாஜின் மிக உயர்ந்த நிலையான கிராண்ட் ப்ரீ போட்டியில், அடிகளை நீட்டி வைக்கும் நீட்டு நடைக்கான மதிப்பெண்ணை இரண்டால் பெருக்குகிறார்கள். அது நியாயம். அந்த நேரத்தில் கடிவாளம் நீளும்போது கழுத்து தானாக முன்னே நீள்கிறதா, பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இருந்தால் அந்தக் குதிரையை முறையாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று தாராளமாக நம்பலாம்.

நன்றி, வணக்கம்.