பியானோவை விடுங்கள், பேஸைப் பின்தொடருங்கள்

வணக்கம். ஜாஸ் கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று தெரியவில்லை என்று உங்களில் பலர் எழுதுகிறீர்கள். பத்து ஆல்பங்களின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு எளிது. ஆனால் அந்தப் பத்தையும் ஒருமுறை ஓடவிட்டு, ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை’ என்று நீங்கள் திரும்பி வருவீர்கள். ஆகவே இன்று ஒரே ஒரு நாளையும் ஒரே ஒரு மூவர் குழுவையும் பற்றி மட்டும் பேசப்போகிறேன். நாள், 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. இடம், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலுள்ள வில்லேஜ் வான்கார்ட் என்ற கிளப். பியானோவில் பில் எவன்ஸ், டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். எவன்ஸுக்கு அப்போது 31 வயது, மோஷனுக்கு 30, லஃபாரோவுக்கு 25.

மேக்ஸ் கார்டன் என்பவர் 1935இல் தொடங்கிய அந்தக் கிளப் இன்றும் செவன்த் அவென்யூ சவுத்தில், தரைக்குக் கீழே ஓர் அறையில் நடந்துவருகிறது. தெருவிலிருந்து குறுகலான படிகளில் இறங்கினால், மேடையை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும் முக்கோண வடிவக் கூடம். நூற்றுச் சொச்சம் பேருக்குமேல் அமர இடமில்லை. அன்று ரிவர்சைடு என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் பதிவுக் கருவிகளோடு அங்கே வந்திருந்தார். பிற்பகலில் இரண்டு, இரவில் மூன்று என்று ஐந்து செட்கள் (இடைவேளை விட்டு வாசிக்கும் பகுதிகள்) வாசிக்கப்பட்டன; ஐந்தும் பதிவாகின. கோப்பைகள் உரசுவதும், யாரோ சிரிப்பதும், மேடைக்கு அருகிலேயே ஒரு மேசையில் பேச்சு ஓயாமல் நடப்பதும் பதிவில் தெளிவாகக் கேட்கின்றன. சில ரசிகர்கள் அந்தச் சத்தத்தைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேண்டும். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை என்பதும், மேடையில் இருந்த மூவரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதும் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது.

இந்தக் காணொளியில் அந்தப் பதிவுகளை ஒலிக்கவிட முடியாது. பதிப்புரிமைக் கோரிக்கை வந்து காணொளியே முடங்கிவிடும். ஆகவே நான் ஒரு பெயரைச் சொல்லும்போது இதை நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டைத் தேடி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

முதலில் ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’. ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீளும் மெதுவான வாசிப்பு இது. எவன்ஸ் இங்கே தனியாகக் கற்பனை வாசிப்பு என்று எதையும் விரிப்பதில்லை. மெட்டையே அங்கங்கே சற்றுத் தாமதித்தும் தொட்டு விலகியும் வாசித்து முடிக்கிறார். பியானோதான் முன்னால் நிற்கிறது, காதும் தானாக அதன் பின்னால்தான் போகும். முதல் தடவை அதைத் தடுக்க வேண்டாம். இரண்டாவது தடவை பியானோவை அதன் போக்கில் விட்டுவிட்டு, பேஸை மட்டும் பின்தொடருங்கள். லஃபாரோ எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். ஒரு கனமான ஸ்வரம், அது மங்கும்வரை நீண்ட காத்திருப்பு, பிறகு மேலே ஏறும் இரண்டு மூன்று ஸ்வரங்கள். அந்தக் காத்திருப்புகளில் மோஷனின் பிரஷ் (மெல்லிய கம்பிகளாலான தூரிகை) ஸ்னேர் டிரம்மின் தோலை வருடும் ஓசையும், சிம்பல் மெல்ல விரிந்து அடங்கும் ஓசையும் வந்து நிரம்புகின்றன.

பேஸை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பிருந்த பெரும்பாலான ஜாஸ் குழுக்களில் பேஸ்காரரின் வேலை வரையறுக்கப்பட்டது: தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஸ்வரம் போட்டு, கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களுக்கு) அடித்தளம் கொடுத்து, குழுவை நடத்திக்கொண்டு போக வேண்டும். வாக்கிங் பேஸ் என்று அதற்குப் பெயரே உண்டு. லஃபாரோ அதை வாசிக்கத் தெரியாதவர் அல்லர். வேண்டிய இடத்தில் அபாரமாக வாசிக்கிறார். ஆனால் 1959இன் இறுதியிலிருந்து இந்த மூவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியபோது, எவன்ஸ் தம் இடது கையில் கார்டின் அடி ஸ்வரத்தைப் பல இடங்களில் விட்டுவிட்டு, மேலேயுள்ள ஸ்வரங்களை மட்டும் ஒன்றோடொன்று நெருக்கமாக வைத்து வாசித்தார். கீழே இடம் காலியானது. அந்த இடத்தில் லஃபாரோ அடி ஸ்வரத்தைப் போடலாம், போடாமலும் விடலாம், அல்லது பியானோவின் எல்லைக்கே ஏறிச்சென்று எதிர் மெட்டு ஒன்றை வாசிக்கலாம். அவர் தந்திகளை விரற்பலகைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி வைத்திருந்ததால், அவ்வளவு பெரிய வாத்தியத்தில் கிதார்காரரின் வேகம் அவர் விரல்களுக்கு வாய்த்தது. இத்தனைக்கும் அவர் பேஸைக் கையில் எடுத்ததே பள்ளிப் படிப்பு முடிந்த வயதில்தான். அதற்கு முன் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’. எவன்ஸ் தம் அண்ணன் மகளுக்காக எழுதியது. 1956இலேயே தம் முதல் ஆல்பத்தில் இதைத் தனியாக வாசித்திருக்கிறார். வான்கார்ட் பதிவில், தொடக்கத்தில் பியானோவும் பேஸும் மட்டும் மூன்று எண்ணிக்கையில் மெட்டை வாசிக்கின்றன. டிரம்ஸ் வந்து சேர்ந்து கற்பனை வாசிப்பு தொடங்கும்போது எண்ணிக்கை நான்காக மாறிவிடுகிறது. அந்த மாற்றம் நிகழும் நொடியைத் தவறவிடாதீர்கள். அதுவரை தயங்கித் தயங்கி வந்த இசை, சட்டென்று கால் வீசி நடக்கத் தொடங்கும்.

இந்த மூவர் குழுவைப் பற்றி எழுதும் எல்லோரும் இதை ‘உரையாடல்’ என்கிறார்கள். எனக்கு அந்த வர்ணனை போதவில்லை. உரையாடலில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இங்கே மூவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அப்படியிருந்தும் ஒருவர் சொல்வது இன்னொருவரால் அமுங்கிப்போவதில்லை. இது எப்படி முடிகிறது என்ற கேள்விதான் என்னைத் திரும்பத் திரும்ப இந்தப் பதிவுகளுக்கு இழுக்கிறது.

ஒரு பகுதி விடை, பாட்டின் சுற்றில் இருக்கிறது. ஜாஸில் ஒரு பாட்டின் நீளமும் அதன் கார்டுகளின் வரிசையும் பெரும்பாலும் நிலையானவை. மெட்டு முடிந்ததும் அதே சுற்று திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும், அதன்மேல்தான் கற்பனை எழும். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இதை ஆவர்த்தனமாக நினைத்துக்கொண்டால் பாதி வழி வந்துவிட்டீர்கள். வேறுபாடு ஒன்று உண்டு: நம் மேடையில் பாடகரின் கை தாளத்தைக் கண்ணுக்கெதிரே போட்டுக்காட்டும், வான்கார்டில் அன்று யாரும் அதைக் காட்டவில்லை. மோஷன் தட்டுகளை அடித்து எண்ணிக்கொடுப்பதில்லை, லஃபாரோ நடப்பதை விட்டுவிட்டுத் தாண்டுகிறார், எவன்ஸ் வாக்கியங்களைச் சுற்றின் எல்லை தாண்டி நீட்டுகிறார். ஆயினும் மூவரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். சுற்று முடியும் இடத்தில் தவறாமல் ஒன்றுகூடுகிறார்கள். லஃபாரோ எழுதிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’ இதில் ஒரு படி மேலே போய், வழக்கமான எட்டு எட்டு பார் (தாள அலகு) அளவுக்குள் அடங்காமல், ஐந்து, ஐந்து, பத்து என்று பிரியும் சுற்றில் நடக்கிறது. அறியாமல் கேட்பவருக்கு அது எங்கும் இடறாது, அவ்வளவு இயல்பாக ஓடுகிறது.

அந்தப் பாட்டின் முதல் வாசிப்பின் நடுவே மின்சாரம் தடைப்பட்டு, பதிவு சில நொடிகள் அறுந்துபோனது. அதனால் அது பல பத்தாண்டுகள் வெளிவராமல் கிடந்து, முழுத் தொகுப்பு மூன்று குறுந்தகடுகளாக 2005இல் வந்தபோதுதான் அன்று நடந்த வரிசையிலேயே இடம்பெற்றது. அந்தத் தொகுப்பின் பெரிய லாபம் இதுதான்: அன்று ‘ஆல் ஆஃப் யூ’ மூன்று முறை வாசிக்கப்பட்டது, மூன்றும் அதில் இருக்கின்றன. அதே அறை, அதே மூவர், அதே பாட்டு, சில மணி நேர இடைவெளி. மூன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜாஸில் கற்பனை என்பது என்ன என்று நான் இங்கே எவ்வளவு விளக்கினாலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும்.

அன்று இரவின் கடைசி செட்டின் இறுதியில் அவர்கள் வாசித்தது லஃபாரோவின் இன்னொரு படைப்பான ‘ஜேட் விஷன்ஸ்’. ஜூலை தொடக்கத்தில் அவர் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் வாசித்தார். ஜூலை 6 அன்று, நியூயார்க் மாநிலத்தில் தாம் வளர்ந்த ஜெனீவா என்ற ஊருக்கு அருகே, கார் மரத்தில் மோதி இறந்துபோனார். வான்கார்ட் பதிவுகளிலிருந்து முதல் ஆல்பத்துக்கு எவற்றைத் தேர்ந்தெடுப்பது என்று எவன்ஸும் கீப்நியூஸும் அமர்ந்தபோது, லஃபாரோவின் வாசிப்பு ஓங்கி நிற்பவற்றையே எடுத்தார்கள். அவர் எழுதிய இரண்டில் ஒன்று அதன் தொடக்கமாகவும் மற்றொன்று முடிவாகவும் அமைந்தன. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்ற இரண்டாவது ஆல்பம் அதன் பிறகு வந்தது. எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை. திரும்பி வந்தபோது பேஸில் சக் இஸ்ரேல்ஸ் இருந்தார்.

இந்தச் சோகம் தெரிந்த பிறகு அந்தப் பதிவுகளை முன்கூட்டியே பாடிய ஒப்பாரியாகக் கேட்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லஃபாரோ அன்று பதினொரு நாளில் சாகப்போகிறவராக வாசிக்கவில்லை. 25 வயதில், தம் வாத்தியத்தில் நினைத்ததையெல்லாம் செய்ய முடிகிற ஒருவரின் குறும்பும் திமிரும் அந்தத் தந்திகளில் இருக்கின்றன.

பால் மோஷன் அதன் பிறகு அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 2011இல் இறக்கும்வரை, தம் கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கை விட்டு வெளியே போகாமல், பெரும்பாலும் அதே வான்கார்டில் வாசித்துவந்தார். அவர் தலைமை தாங்கிய குழுக்களைப் பற்றி அடுத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அல்லது அதே அறையில் 1957இல் பியானோவே இல்லாமல், பேஸையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு சாக்ஸபோன் வாசித்த சன்னி ரோலின்ஸை முதலில் எடுத்துக்கொள்ளலாம். எது வேண்டும் என்று எழுதுங்கள். கூடவே ‘ஆல் ஆஃப் யூ’ மூன்றில் உங்களுக்குப் பிடித்தது எது, எந்த இடத்துக்காக என்பதையும் எழுதுங்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு.