‘கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்’: ஸ்பானிய மொழியின் முதல் ஆண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் ரீயூனியன் தீவின் பள்ளிகளில் நெடுங்காலம் ஸ்பானிய மொழி கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மொழியைப் பற்றித் தமிழில் பேசும் வாய்ப்பு எனக்கு எளிதில் கிடைப்பதன்று; வகுப்பில் பிரெஞ்சிலும், முற்றத்தில் தீவின் பேச்சுமொழியான கிரெயோலிலும், வீட்டில் தமிழிலும் வாழ்ந்து பழகியவனுக்கு, இந்த நான்கு மொழிகளும் ஒரே மேசையில் உட்காரும் நேரம் இதுதான். மேசை என்ற சொல்லைக் காரணமாகவே சொன்னேன். பிறகு அதற்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் கொலேஜ் என்னும் நடுநிலைப் பள்ளியில் சேங்கியேம், அதாவது இரண்டாம் ஆண்டு வகுப்பு ஏறும்போது இரண்டாம் அயல்மொழி ஒன்றைத் தொடங்குகிறார்கள். 2016 வரையில் இது ஓராண்டு கழித்துத்தான் தொடங்கியது. பலர் ஸ்பானியத்தையே எடுக்கிறார்கள். எடுத்த சில மாதங்களில், கோயிலிலோ சனிக்கிழமைச் சந்தையிலோ என்னைப் பார்க்கும் தகப்பனார்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “ஐயா, பையன் ஒரு வருடமாகப் படிக்கிறான், இன்னும் ஒரு வார்த்தை பேசக் காணோமே?” நான் உடனே கணக்கைச் சொல்வேன். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், பள்ளி ஆண்டுக்கு 36 வாரம், ஆக மொத்தம் 90 மணி நேரம். அதிலும் புயல் எச்சரிக்கைக்காகப் பள்ளி மூடிய நாள்களையும், தேர்வு நாள்களையும், வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் கழித்துப் பாருங்கள். தாய்மடியில் ஒரு குழந்தை சில வாரங்களில் கேட்டுவிடும் அளவு பேச்சைத்தான் நாங்கள் ஓராண்டு முழுவதற்கும் கொடுக்கிறோம். ஆகவே, பையன் பேசுகிறானா என்று கேட்பதைக் காட்டிலும், இந்த 90 மணி நேரத்துக்குள் அவன் எதைச் செய்யக் கற்க வேண்டும் என்று கேட்பதே பொருத்தமாகும்.

இதற்கு ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழிச் சட்டகம் கற்போரின் தேர்ச்சியை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. கொலேஜ் முடிக்கும்போது இரண்டாம் மொழியில் பிள்ளை இரண்டாம் படியாகிய ஏ2ஐ எட்டியிருக்க வேண்டும் என்பது பிரெஞ்சுப் பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. முதல் ஆண்டுக்காரன் ஏறிக்கொண்டிருப்பது ஏ1 என்னும் முதல் படியில். தன்னையும் பிறரையும் அறிமுகப்படுத்துதல், எங்கே வசிக்கிறாய், யாரைத் தெரியும், உன்னிடம் என்ன இருக்கிறது என்பன போன்ற கேள்விகளைக் கேட்டலும் விடை சொல்லுதலும் அந்தப் படியில் அடங்கும். இவையெல்லாம் எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஆனால் அந்த வரையறையின் கடைசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை ஆசிரியர்களே படிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி, உதவி செய்யவும் தயாராக இருந்தால் மட்டுமே இந்த மாணவன் உரையாட முடியும் என்கிறது அந்த நிபந்தனை. அப்படியானால், மெதுவாகப் பேசுங்கள், உதவி செய்யுங்கள் என்று கேட்பது யார் வேலை? அது மாணவனுடைய வேலை. அந்த வேலையைச் செய்வதற்கான சொற்களை அவனுக்கு முதலில் கொடுத்தோமா என்பதுதான் நான் இன்று பேச வந்த விஷயம்.

இது எனக்கு நூலில் படித்துத் தெரிந்ததில்லை. மாணவனாக இருந்த நாளில் நான் ஸ்பானிய வினைச்சொற்களை நெட்டுருப் போட்டவன். எந்தக் காலத்தில், எந்த இடத்தில் கேட்டாலும் விகுதி மாறாமல் ஒப்பிப்பேன். அந்தத் துணிச்சலோடு முதன்முறையாக ஸ்பெயினின் தலைநகரான மத்ரீதுக்குப் போனேன். குளிர்காலம். தெருவோரப் பழக்கடை ஒன்றில் வயதான அம்மாள் ஒருவர் இருந்தார். அரைக் கிலோ ஆரஞ்சு வேண்டும் என்று பிழையில்லாமல் கேட்டேன். ஆரஞ்சுக்கு ஸ்பானியத்தில் ‘நரான்ஹா’ என்று பெயர். நம் நாரத்தையோடு உறவுடைய சொல். திராவிட மொழி ஒன்றிலிருந்து புறப்பட்டு, வடமொழி, பாரசீகம், அரபு என்று ஊர் ஊராகத் தங்கி ஸ்பெயின் சேர்ந்தது என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். ஆக, அந்தச் சொல் என் வாயில் எளிதாக வந்ததில் வியப்பில்லை.

அந்த அம்மாள் பழத்தை நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, “அல்கோமாஸ்?” என்றார். எனக்கு விளங்கவில்லை. ஏதோ ஒரு வினைச்சொல்லின் தன்மைப் பன்மை போலக் காதில் விழுந்தது. மனத்துக்குள் எல்லா அட்டவணைகளையும் புரட்டிப் பார்த்தேன், அகப்படவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டி, “சீ” என்றேன். நேயர்கள் தவறாக நினைக்க வேண்டாம். ஸ்பானியத்தில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘சீ’ என்றுதான் சொல். முதல் வகுப்பில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும் இடமும் அதுதான். நான் ‘சீ’ என்றதும் அந்த அம்மாள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏதாவது செய்தாக வேண்டும் என்று எதிரில் இருந்த பூண்டைச் சுட்டிக் காட்டினேன். பூண்டு பைக்குள் போயிற்று. மறுபடியும் “அல்கோமாஸ்?” மறுபடியும் “சீ.” முட்டைக்கோஸ் வந்தது. பிறகு வெங்காயம். பிறகு, பெயர்கூடத் தெரியாத ஒரு கீரைக் கட்டு. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் என் கையிலிருந்த சில்லறை முழுவதையும் எடுத்துக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார், ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்து, “அல்கோ... மாஸ்?” என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். ‘அல்கோ’ என்றால் ‘ஏதாவது’. ‘மாஸ்’ என்றால் ‘இன்னும்’. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு சொல்லும் முதல் மாதத்திலேயே நான் படித்தவை. அடுப்பில்லாத விடுதி அறைக்கு ஐந்து பை காய்கறியோடு நடந்து போனேன்.

அன்று எனக்குத் தேவைப்பட்டது வினைச்சொல் அட்டவணை அன்று. ‘கோமோ?’ என்ற ஒரே சொல். ‘என்ன சொன்னீர்கள்?’ என்று பொருள். அல்லது ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்’, அதாவது ‘இன்னும் மெதுவாக, தயவுசெய்து’. ‘நோ எந்தியெந்தோ’, ‘எனக்குப் புரியவில்லை’. ‘கோமோ செ தீசே?’, ‘இதை எப்படிச் சொல்வது?’ இந்த நான்கையும் என் மாணவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில், பெயர் சொல்லப் பழக்குவதற்கும் முன்பாகவே கொடுத்துவிடுவேன். கொடுத்தால் போதாது, பயன்படுத்தவும் வைக்க வேண்டும். வகுப்பில் வேண்டுமென்றே விரைவாகப் பேசுவேன். யாரேனும் நிறுத்தும்வரை நிறுத்தமாட்டேன். தொடக்கத்தில் வகுப்பு முழுவதும் மௌனமாக இருக்கும். நம் வீடுகளில், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கிறோம். வாத்தியாரிடம் ‘புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளை நினைக்கிறது. அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ‘தயவுசெய்து’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டால் கேள்வியும் மரியாதையும் ஒன்றாகப் போக முடியும் என்று காட்டினால் போதும். ஸ்பானியத்திலும் நம்மைப் போல நீ, நீங்கள் என்ற வேறுபாடு இருக்கிறது, ‘தூ’ என்றும் ‘உஸ்தெத்’ என்றும். கடைக்கார அம்மாளிடம் எதைச் சொல்வது என்பதில் நம் பிள்ளைகள் தடுமாறியதை நான் கண்டதில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். தமிழ் காதில் விழும் வீட்டுப் பிள்ளைக்கு, அது பாட்டியின் பேச்சாக மட்டும் இருந்தாலும் சரி, ஸ்பானியத்தின் முதல் ஆண்டு இலக்குகளில் சில ஏற்கெனவே பாதி வந்துவிட்டிருக்கும். பிரெஞ்சு வழியாக ஸ்பானியம் படிக்கும் பிள்ளை பெரிதும் திணறுகிற இடம், பிடித்ததைச் சொல்வது. பிரெஞ்சில் ‘நான் மாம்பழத்தை விரும்புகிறேன்’ என்ற அமைப்பு. ஸ்பானியத்தில் அப்படி இல்லை. ‘மெ கூஸ்தா எல் மாங்கோ’. ‘மெ’ என்பது ‘எனக்கு’. எனக்கு மாம்பழம் பிடிக்கும். அப்படியே நம் வாக்கியம். தலைவலியும் அதே வழிதான்: ‘மெ துவேலெ லா கபேசா’, எனக்குத் தலை வலிக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் ‘நான்’ எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கும்போது, தமிழ் பேசும் பெண் ஒருத்தி, “எங்கள் வீட்டில் இப்படித்தானே சொல்வோம்” என்று சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் தமிழ் பாதி வழிதான் கூட வரும். பழம் ஒன்றுக்கு மேற்பட்டால் ஸ்பானியத்தில் வினை ‘கூஸ்தான்’ என்று பன்மையாக வேண்டும். நாமோ ஒரு பழமானாலும் பத்துப் பழமானாலும் ‘பிடிக்கும்’ என்றே விட்டுவிடுகிறோம். அந்த மீதிப் பாதியைத்தான் ஆசிரியர் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும்.

ஒலியிலும் இப்படியே. ‘பெரோ’ என்று மெல்லிய ரகரத்தோடு சொன்னால் ‘ஆனால்’. ‘பெறோ’ என்று நாக்கை அதிரவிட்டு வல்லினமாகச் சொன்னால் ‘நாய்’. தொண்டையில் உருளும் பிரெஞ்சு ரகரத்துக்குப் பழகிய வாய்க்கு இரண்டுமே கடினம். நமக்கோ ரகரமும் றகரமும் இரண்டு எழுத்துகள். நம்மில் பலர் அந்த வேறுபாட்டை இப்போது எழுத்தில் மட்டும்தான் காப்பாற்றி வருகிறோம் என்பது வேறு கதை. ஆனாலும் நாக்கு நுனியில் வைத்துச் சொல்லும் பழக்கம் இருக்கிறதல்லவா, அது போதும். ‘மன்யானா’, அதாவது ‘நாளை’ என்ற சொல்லின் நடுவில் வருவது நம் ஞகரத்தின் ஒலி. அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர்கள். பிரெஞ்சைப் போல மூக்கில் பேச வேண்டிய தொல்லை இல்லை.

மேசைக்கு வருகிறேன் என்றேன். வகுப்பறைப் பொருள்களின் பெயர் முதல் மாதத்துப் பாடம். மேசைக்கு ஸ்பானியத்தில் ‘மேசா’. அலமாரிக்கு ‘அர்மாரியோ’. துவாலைக்கு ‘தோவாயா’. பழைய ஆள்கள் செருப்பைச் சப்பாத்து என்பார்கள், அது ‘சபாத்தோ’. போர்த்துகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்து இறக்கிய சொற்கள் இவை. அந்த மொழி ஸ்பானியத்துக்கு உடன்பிறப்பு என்பதால் முகம் ஒத்திருக்கிறது. பிள்ளையோடு உட்கார்ந்து வீட்டிலுள்ள பொருள்களை எண்ணிப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு இதைவிட எளிய தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சு தெரிந்த பிள்ளைக்கு, படித்துப் புரிந்துகொள்ளுதல் என்ற இலக்கைச் சற்று உயர்த்தியே வைக்கலாம். சொற்களில் பெரும்பகுதி பார்த்தவுடன் விளங்கிவிடும். முதல் ஆண்டிலேயே ஓர் உணவுப் பட்டியலையும், பேருந்து அட்டவணையையும், சிறு விளம்பரத்தையும் அவன் படித்துவிட வேண்டும். ஆயினும் முகம் ஒன்று, பொருள் வேறு என்று சில சொற்கள் உண்டு. பிரெஞ்சில் ‘சலீர்’ என்றால் அழுக்காக்குவது, ஸ்பானியத்தில் வெளியே போவது. ‘கோன்ஸ்திப்பாதோ’ என்று ஒருவர் ஸ்பானியத்தில் சொன்னால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். பிரெஞ்சுக் காது அதை வயிற்றுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வாழைப்பழத்தைக் கொடுக்கும்.

பேச்சில் மட்டும் இலக்கைத் தாழ்த்தி வையுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். தன்னைப் பற்றிப் பத்து வாக்கியம் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையைக் காட்டிலும், மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டு, அந்த விடை புரியாதபோது ‘கோமோ?’ என்று கேட்டு, இரண்டாம் முறை புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். சக ஆசிரியர்கள் சிலர் இதற்காக என்னோடு சண்டையிட்டிருக்கிறார்கள். ஒப்பித்த பத்து வாக்கியத்தில் உழைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளையிடம் பாடத்தில் இல்லாத பதினொன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், மத்ரீதில் நான் நின்ற நிலையில்தான் அவனும் நிற்பான்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார். எழுத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், அதற்கு இப்போது நேரமில்லை. ஓர் அஞ்சலட்டை அளவு எழுதினால் முதல் ஆண்டுக்குப் போதும். ஒன்றை மட்டும் பெற்றோர் கவனியுங்கள்: ஸ்பானியத்தில் கேள்வி வாக்கியத்தின் முன்னாலேயே தலைகீழாக ஒரு கேள்விக்குறி போட வேண்டும். நாம் ‘வந்தானா’ என்று சொல்லின் இறுதியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்துக் கேட்பதுபோல அவர்களுக்கு வசதியில்லை. செய்தியும் கேள்வியும் பல வேளைகளில் ஒரே சொல் வரிசையில் வருகின்றன, படிப்பவர் குரலை எங்கே மாற்றுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஸ்பானிய மொழிக் கழகம் 1754இல் அந்த வழக்கத்தை விதியாக்கியது. பிள்ளையின் குறிப்பேட்டில் அந்தத் தலைகீழ்க் குறியைக் கண்டால் அச்சுப் பிழை என்று அடித்துவிடாதீர்கள். ஒரு பாட்டனார் அப்படித்தான் சிவப்பு மையால் அடித்து அனுப்பிவிட்டார், மறுநாள் அந்தப் பேரன் என் மேசைக்கு வந்து, “கோமோ?” என்றான். நன்றி, வணக்கம்.