கேன்டர்பரியின் ஈயக் குப்பி

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஈயக் குப்பி]

1170 டிசம்பர் 29 அன்று, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் நால்வர், பேராயர் தாமஸ் பெக்கெட்டைக் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். தரையில் சிந்திய இரத்தம் சேகரிக்கப்பட்டது. அதில் துளியளவு கலந்ததாக நம்பப்பட்ட தண்ணீர், நோய் தீர்க்கும் தீர்த்தமாக யாத்திரிகர்களுக்கு வழங்கப்பட்டது. அதை ஊருக்கு எடுத்துச் செல்வதற்காக வார்க்கப்பட்டவைதான் ஈயமும் வெள்ளீயமும் கலந்த இந்தக் குப்பிகள்.

[திரையில்: குப்பியின் விளிம்பு, மிக அருகில்]

கழுத்தில் தொங்கவிடக் கயிறு கோக்கும் இரு வளையங்கள் தெரிகின்றன. இவற்றுள் சிலவற்றின் விளிம்பில், "நல்லோர் நோயுற்றால் அவர்களுக்குத் தலைசிறந்த மருத்துவர் தாமஸ்" என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி உண்டு. பக்தியைவிட மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டைத்தான் அது அதிகம் நினைவூட்டுகிறது.

தீர்த்தம் தீர்ந்த பிறகும் குப்பிக்கு வேலை இருந்தது. புனிதரின் கல்லறைக்குப் போய்வந்ததற்கு அது சாட்சி. தீங்கு அண்டாமல் காக்கும் தாயத்தும் அதுவே. பிற்காலத்து யாத்திரைக் குப்பிகள் இங்கிலாந்தின் உழவு நிலங்களில் ஏராளமாகக் கிடைப்பதையும், பலவற்றின் வாய் நசுங்கியோ கிழிந்தோ இருப்பதையும் கொண்டு, விளைச்சல் வேண்டித் தீர்த்தத்தை வயலில் தெளித்துவிட்டுக் குப்பியை அங்கேயே போட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். உடலுக்கென்று வாங்கிவந்த மருந்து மண்ணுக்கும் மருந்தாகியிருந்தால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

1538இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் கல்லறையை இடிக்க ஆணையிட்டு, அவரது பெயரையும் உருவங்களையும் நீக்கச் சொன்னபோது, அதே ஈயத்துண்டு அரச விரோதத்தின் அடையாளமாயிற்று.

[திரையில்: தேம்ஸ் ஆற்றின் சேற்றுக் கரை]

மூன்று நூற்றாண்டுகள் கழித்து, லண்டனின் சேற்றிலிருந்து வெளிவந்த யாத்திரைச் சின்னங்களைத் தொல்பொருள் ஆர்வலர்கள் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். சேறு கிளறிப் பிழைத்துவந்த வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன் ஆகிய இருவரும், கிடைப்பதைவிடச் செய்வது எளிது என்று கண்டு, 1857 வாக்கில் தாமே வார்த்து விற்கலானார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் பொறித்த எழுத்துகள் எந்த மொழியிலும் சேரவில்லை. போதாக்குறைக்கு, பதினோராம் நூற்றாண்டு ஆண்டுகளை, அன்றைய இங்கிலாந்தில் புழக்கத்திலேயே இல்லாத நம் இன்றைய எண்களில் போட்டிருந்தார்கள். 1858இல் ஒரு வணிகர், இவற்றைப் போலி என்று எழுதிய இதழின்மீது அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார். ஆனால் வழக்கு தந்த விளம்பரத்தால் விற்பனை கூடியது. அந்தப் போலிகளை, போலிகள் என்று தெரிந்தே, லண்டன் அருங்காட்சியகங்கள் இன்று பாதுகாத்து வைத்திருக்கின்றன.